பேட் சாண்டா 2: கெட்ட வார்த்தை குறையவில்லை, அப்புறம் எது குறைந்தது?

[திரையில்: கருமை படிந்த ஒரு மரத்துண்டு, நெருக்கமாக]

முதலில் இதைப் பாருங்கள். மரத்தில் செதுக்கிய வெள்ளரிக்காய். அமெரிக்காவில் முழு வெள்ளரிக்காயை உப்புநீரில் ஊறப்போட்டுச் சாப்பிடுவார்களே, அந்த வடிவம். செதுக்கியவன் தர்மன் என்கிற எட்டு வயதுப் பையன். தன் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்ட ஒரு குடிகாரனுக்கு, அவன்தான் கிறிஸ்துமஸ் தாத்தா என்று நம்பி, பரிசாகக் கொடுக்கிறான். அந்தக் கறை வேறெதுவும் இல்லை, ரத்தம். செதுக்கும்போது கையை வெட்டிக்கொண்டான். அதை அவன் சொல்கிற விதத்தில் அழுகையும் இல்லை, புகாரும் இல்லை, நடந்ததை அப்படியே சொல்கிறான், அவ்வளவுதான்.

இது 2003-இல் வந்த 'பேட் சாண்டா', அதாவது 'கெட்ட கிறிஸ்துமஸ் தாத்தா', என்கிற ஹாலிவுட் படத்தின் காட்சி. கிறிஸ்துமஸ் படம் என்றாலே பனி, குடும்பம், கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வது என்றிருந்த இடத்தில் வாந்தியும் வசையுமாக வந்த படம். என்னைப் போல இனிப்புத் தடவிய பண்டிகைப் படங்கள் திகட்டிப்போனவர்களுக்கு அது ஒரு மாற்று மருந்து மாதிரி இருந்தது. பதின்மூன்று வருடம் கழித்து, 2016 நவம்பரில், இரண்டாம் பாகம் வந்தது. அதே நாயகன், அதே கூட்டாளி, அந்தப் பையனாக நடித்த அதே நடிகர். எவ்வளவு ஆசையாக உட்கார்ந்தேனோ அவ்வளவு மனசு விட்டுப்போய் எழுந்தேன். படம் ஆபாசமாக இருந்தது என்பதல்ல என் குறை. முதல் படமும் காது கூசும் படம்தான். ஒரே வகையான ஆபாசம் ஒரு படத்தில் எப்படி வேலை செய்கிறது, இன்னொன்றில் ஏன் வெறும் சத்தமாகிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

முதல் படம் பார்க்காதவர்களுக்காகக் கதை, வேகமாக. நாயகனின் பெயர் வில்லி. லாக்கர் உடைக்கிற திருடன், எந்நேரமும் போதை. பில்லி பாப் தார்ன்டன் நடித்தார். அவனுடைய கூட்டாளி மார்கஸ், உயரம் குறைந்தவன், டோனி காக்ஸ் நடித்தார். வருடா வருடம் ஏதாவது ஒரு பெரிய கடையில் வில்லி சாண்டா வேடத்திலும் மார்கஸ் எல்ஃப் (சாண்டாவுக்கு எடுபிடியாக வரும் குள்ள தேவதை) வேடத்திலும் வேலைக்குச் சேர்ந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி லாக்கரைக் காலி செய்துவிட்டு ஓடிவிடுவார்கள். இந்த முறை அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில், அப்பா சிறையில் இருக்க, பாட்டியோடு தனியாக வாழும் தர்மனிடம் வில்லி மாட்டிக்கொள்கிறான். இயக்கியவர் டெர்ரி ஸ்விகாஃப். தயாரிப்பில் கோயன் சகோதரர்களும் நிர்வாகத் தயாரிப்பாளர்களாக இருந்தார்கள். இந்த நடிப்புக்குத் தார்ன்டன் கோல்டன் குளோப் விருதுப் பரிந்துரை வரை போனார்.

[திரையில்: கடை மேலாளரின் அலுவலகம்]

இப்போது இந்த ஆளைக் கவனியுங்கள். கடையின் மேலாளர் பாப் சிபெஸ்கா, நடித்தவர் ஜான் ரிட்டர். வில்லி கடையின் உடைமாற்றும் அறையில் ஒரு பெண்ணோடு இருந்ததை மேலாளர் கண்டுவிட்டார். அதைப் பாதுகாப்புத் தலைவரிடம் சொல்லியாக வேண்டும். எதிரே அந்தத் தலைவராக நடித்த பெர்னி மேக் உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ரிட்டர் வார்த்தையைத் தேடுகிறார், குரல் இறங்குகிறது, முகம் கோணுகிறது, நடந்ததைச் சுற்றிச் சுற்றி வருகிறாரே தவிர நேராகச் சொல்ல நாக்கு வரமாட்டேன் என்கிறது. நாம் சிரிப்பது வில்லி செய்த அசிங்கத்துக்காக இல்லை, அதைச் சொல்ல முடியாமல் ஒரு நல்ல மனிதர் படும் அவஸ்தைக்காக. கெட்ட வார்த்தைக்கு எதிரே அதைக் கேட்டுக் கூசுகிற ஒரு காது வேண்டும், அந்தக் காது இந்தப் படத்தில் ரிட்டருடையது. படம் வெளியாவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2003 செப்டம்பரில், அவர் இறந்துபோனார், படத்தை அவர் நினைவுக்கே சமர்ப்பித்தார்கள். ஒவ்வொரு முறை இந்தக் காட்சி வரும்போதும் எனக்குச் சிரிப்போடு கூடவே ஒரு கனமும் வருகிறது.

ரிட்டர் கூசுகிறார், தர்மனோ கூசுவதே இல்லை. இவன் வேறு மாதிரியான சுவர். வில்லி எவ்வளவு கேவலமாகப் பேசினாலும் அது இவனைத் தொடுவதில்லை. சாண்ட்விச் போட்டுத் தரட்டுமா என்கிற மாதிரி ஏதாவது கேட்பான், அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். ஒரு ராத்திரி வில்லி போதையில் பையனுடைய அட்வென்ட் காலண்டரைப் பிய்த்து (டிசம்பரில் நாளுக்கு ஒரு கதவாகத் திறந்து உள்ளே இருக்கும் சாக்லேட்டை எடுப்பார்களே, அந்த அட்டை) மிச்ச நாட்களின் சாக்லேட்டையெல்லாம் தின்றுவிடுகிறான். போதை தெளிந்ததும் டேப் போட்டு ஒட்டி, கையில் கிடைத்ததை உள்ளே திணித்து வைக்கிறான். இந்த ஒட்டுவேலைதான் எனக்கு முதல் படத்தின் உயிர் என்று தோன்றுகிறது. யாரும் அவனைத் திருத்தவில்லை, பாட்டுப் பாடி மனசை மாற்றவில்லை. அரைகுறையாக, கோணல்மாணலாக, அவனால் முடிந்த அளவுக்கு ஒரு டேப். அவனும் மனுஷன்தான் என்று படம் வாய்விட்டுச் சொல்லவே இல்லை, நாமாகப் புரிந்துகொள்கிறோம்.

சரி, இரண்டாம் பாகத்துக்கு வருவோம்.

[திரையில்: சிகாகோ, பனி, சாண்டா உடைகள்]

இயக்குநர் மாறிவிட்டார், இந்த முறை மார்க் வாட்டர்ஸ். கதை சிகாகோவுக்குப் போகிறது. கொள்ளையடிக்கப் போவது கடையை அல்ல, ஒரு தொண்டு நிறுவனத்தை. திட்டத்தைக் கொண்டுவருவது வில்லியின் அம்மா சன்னி. நடித்தவர் கேத்தி பேட்ஸ். அவருக்கும் தார்ன்டனுக்கும் நிஜத்தில் ஏழே வயதுதான் வித்தியாசம், அவர் பிறந்தது 1948, இவர் 1955. அதைக்கூட நான் மன்னித்துவிடுவேன், பேட்ஸ் அந்தப் பாத்திரத்தில் வஞ்சனையில்லாமல் இறங்கி நடித்திருக்கிறார். சிக்கல் அங்கே இல்லை. அம்மா பேசுகிறாள் பச்சையாக. மகன் பேசுகிறான் பச்சையாக. மார்கஸ் பேசுவது முன்பே தெரிந்ததுதான். தொண்டு நிறுவனத்தை நடத்தும் டயான், கிறிஸ்டினா ஹென்ட்ரிக்ஸ் நடித்தது, பார்த்தால் ஒழுங்கான பெண்மணி மாதிரி இருக்கிறாரே, இவராவது வில்லிக்கு எதிரே நிற்பார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் குப்பைத் தொட்டிகள் நிற்கும் சந்தில் வில்லியோடு அவரும் அதே மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான், கூசுவதற்கு ஆளே மிச்சமில்லை. ரிட்டர் இல்லை, பெர்னி மேக்கும் 2008-இல் போய்விட்டார், அவர்கள் விட்டுப்போன இடத்தில் யாரையும் உட்கார வைக்க வேண்டும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. எல்லோருமே கத்துகிற அறையில் ஒருவர் குரலும் தனியாகக் கேட்காது இல்லையா, படம் முழுக்க அப்படித்தான் ஓடுகிறது.

இன்னொன்று, எனக்கு இதுதான் அதிகம் வலித்தது. தர்மனுக்கு இப்போது 21 வயது. முதல் படத்தில் பையனாக வந்த பிரெட் கெல்லியே மறுபடியும் நடித்திருக்கிறார், அந்த வெள்ளை மனசு முகத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் எட்டு வயதுக் குழந்தை சாண்டாவை நம்புவது இயல்பு, அந்த நம்பிக்கைக்கு முன்னால் வில்லி நெளிவதில் அர்த்தம் இருந்தது. 21 வயது இளைஞனிடம் அதே வெகுளித்தனத்தை மாற்றமில்லாமல் வைத்தால், படம் அவனைப் பார்த்து நம்மைச் சிரிக்கச் சொல்கிறது. முதல் படத்தில் ஒருமுறைகூட அப்படிச் சொல்லவில்லை. கூடவே அவனுக்குப் பெண் அனுபவம் இல்லை என்பதையே நகைச்சுவையாக்கி, முதல் படத்தில் ஓபல் என்கிற சின்ன வேடத்தில் வந்த ஆக்டேவியா ஸ்பென்சரை அதே வேடத்தில் அதற்காகவே கூட்டி வருகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் ஆஸ்கார் வாங்கிய நடிகை அவர். பேட்ஸும் ஆஸ்கார் வாங்கியவர், தார்ன்டனும் திரைக்கதைக்காக வாங்கியவர். இவ்வளவு திறமையை ஒரே படத்தில் வைத்துக்கொண்டு அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள்.

அந்தப் பையன் வளர்ந்து என்னவாகியிருப்பான்? அப்பா சிறையில், பாட்டிக்கும் வயதாகிவிட்டது, சின்ன வயதில் அவன் நம்பிய ஒரே ஆள் ஒரு குடிகாரத் திருடன். இந்தக் கேள்வியை மட்டும் யாராவது நேர்மையாக எடுத்திருந்தால் எவ்வளவு நல்ல படம் வந்திருக்கும்! ஒன்றிரண்டு இடத்தில், வில்லி தர்மனைப் பார்க்கும் பார்வையில், தார்ன்டன் அதைத் தொடுகிறார். உடனே அடுத்த கெட்ட வார்த்தை வந்து காட்சியைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

[திரையில்: முதல் படத்தின் மூன்று டிவிடி அட்டைகள், பக்கம் பக்கமாக]

'இன்னும் மோசமாக இருந்தால் இன்னும் சிரிப்பு வரும்' என்கிற எண்ணம் இரண்டாம் பாகத்தில் புதிதாக வந்ததல்ல. முதல் படத்துக்கே மூன்று பதிப்புகள் உண்டு. திரையரங்கில் ஓடியது சுமார் 91 நிமிடம். அப்புறம் 'பேடர் சாண்டா' என்று பெயர் மாற்றி, தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல், கூடுதல் காட்சிகளோடு சுமார் 98 நிமிடத்துக்கு ஒரு டிவிடி வந்தது. பெயரிலேயே 'இன்னும் கெட்ட' என்று இருக்கிறது, விற்கிறவர்கள் எதை விற்பதாக நினைத்தார்கள் என்பது தெரிகிறது. 2006-இல் ஸ்விகாஃப் தன்னுடைய பதிப்பை வெளியிட்டார். இயக்குநரின் பதிப்பு என்றால் பொதுவாக நீளும், இது சுமார் 88 நிமிடமாகச் சுருங்கியது. படத்தின் தொடக்கத்தில் வில்லி தன்னைப் பற்றிப் பேசும் பின்னணிக் குரலையே எடுத்துவிட்டார். அவன் தன் சோகத்தை நமக்கு விளக்காமல், மதுக்கடையில் சாண்டா உடையில் உட்கார்ந்து குடிக்கிறான், பின்னால் இசைமேதை ஷோபனின் (Chopin) பியானோ மெல்ல ஓடுகிறது, எழுந்து சந்துக்குப் போய் வாந்தி எடுக்கிறான். வார்த்தையைக் குறைத்ததும் காட்சி இன்னும் கொடூரமாகவும் இன்னும் பரிதாபமாகவும் ஆகிவிட்டது. இரண்டாம் பாகத்தை எடுத்தவர்கள் 98 நிமிடப் பதிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் போனது மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது.

வசூல் கணக்கு சுருக்கமாக: முதல் படம் சுமார் 2.3 கோடி டாலர் செலவில் எடுத்து உலகம் முழுக்க 7.6 கோடி டாலரைத் தாண்டியது. இரண்டாவதன் செலவு சுமார் 2.6 கோடி, வந்தது சுமார் 2.4 கோடி.

இரண்டையும் பார்க்காதவர்கள் இருந்தால், இரண்டாவதை விட்டுவிடுங்கள். முதல் படத்தில் அந்த 88 நிமிடப் பதிப்பு எங்காவது கிடைத்தால் அதையே எடுங்கள், குழந்தைகள் தூங்கிய பிறகு. வெள்ளரிக்காயைக் கையில் வாங்கும்போது வில்லியின் முகத்தைப் பாருங்கள்.

[திரையில்: மரத்துண்டு மறுபடியும், குரல் இல்லாமல்]