ஷே: ஆளைக் கேட்கும் சொல்

நேயர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு படிக்கத் தொடங்குகிறவர்களை ஆரம்பத்திலேயே இடறவைக்கும் ஒரு சின்னச் சொல், 'ஷே'. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

'ஷே முவா' என்றால் என் வீட்டில். என் வீட்டுக்கு என்றும் பொருள். இருக்கிறோமா, போகிறோமா என்பதை வினைச்சொல் பார்த்துக்கொள்ளும். சரி, இதில் வீடு எங்கே? ஷேக்குள்ளேயே இருக்கிறது. லத்தீனில் 'காசா' என்றால் குடிசை, வீடு. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வீட்டுக்கு இன்றும் அதுதான் பெயர். பிரெஞ்சில் 'மெஸோன்' வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, காசா தேய்ந்து ஷே ஆகிவிட்டது. ஓவெர்ஞ் மலைப்பகுதியில் 'லா ஷேஸ் தியூ' என்று ஓர் ஊர். 11ஆம் நூற்றாண்டு மடத்தால் பெயர்பெற்றது. இன்றைய பிரெஞ்சுக் காதுக்கு அது 'கடவுளின் நாற்காலி'. உண்மையில் 'காசா தேயி', கடவுளின் வீடு!

நமக்கு இது புதிதா என்ன? 'இல்' என்றால் வீடு. ஏழாம் வேற்றுமை உருபும் 'இல்'தான்.

ஷேக்குப் பின்னால் ஆள் வரவேண்டும். ரொட்டி வாங்க 'ஷே லெ புலாஞ்ஜே' போகலாம், அதாவது ரொட்டிக்காரரிடம். கடையைச் சொன்னால் 'ஆ லா புலாஞ்ஜெரி'. 'ஷே லா புலாஞ்ஜெரி' என்றால் தப்பு. 'டாக்டரிடம் போனேன்', 'ஆஸ்பத்திரிக்குப் போனேன்' என்று நாம் பிரித்துச் சொல்கிறோமே, அதே கணக்கு. பெஜோ, ரெனோ கார் கம்பெனிகளில் வேலை செய்கிறவரும் 'ஷே பெஜோ', 'ஷே ரெனோ' என்றே சொல்வார். இரண்டுமே குடும்பப் பெயர்கள்தானே.

விருந்தாளியிடம் 'ஃபேத் கொம் ஷே வூ' என்பார்கள். உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அதை நம்பி ஃப்ரிட்ஜைத் திறந்துவிடாதீர்கள். உபசார வார்த்தை அது.

இனி வீட்டைவிட்டு வெளியே வருவோம். பாடப்புத்தகத்தில் 'ஷே மோலியேர்' என்று பார்த்ததும் மோலியேர் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அவருடைய நாடகங்களில் என்று பொருள். 'ஷே லே ஃபுர்மி' என்றால் எறும்புகளிடையே. 'உன்னிடம் எனக்குப் பிடித்தது உன் பொறுமை' என்பதற்கும் 'ஷே துவா'தான்.

இன்னொன்று. 'தெ' என்பதை முன்னால் ஒட்டி 'தெ ஷே' என்றும் சொல்லலாம். 'தெ ஷே மா தாந்த்' என்றால் அத்தை வீட்டிலிருந்து. இரண்டு முன்னிடைச்சொல் அடுத்தடுத்து வருகிறதே என்று தயங்கி 'தெ மா தாந்த்' என்று சொன்னால், வருவது அத்தை வீட்டிலிருந்து என்பது விளங்காது.