10 பவுண்டுக்கு வாங்கி 13 வருஷம் தூங்க வச்ச நாவல்!

[திரையில் மூணே எழுத்து: எம்.ஏ.டி.]

1809. லண்டன்ல ஒரு பதிப்பாளருக்குக் கடிதம் வருது. ஆறு வருஷம் முன்னாடி என் நாவலை 10 பவுண்டுக்கு வாங்குனீங்களே, சீக்கிரம் போடுறோம்னீங்களே, எங்க? கைப்பிரதி தொலைஞ்சிருந்தா சொல்லுங்க, இன்னொண்ணு தரேன்னு கேக்குது. கையெழுத்து எம்.ஏ.டி. மிஸஸ் ஆஷ்டன் டென்னிஸ்ங்கிற புனைபெயரோட முதலெழுத்துகள். சேர்த்துப் படிங்க: 'மேட்' (MAD), ஆங்கிலத்துல கோபம்னும் அர்த்தம்! அவங்க கொதிப்பு மொத்தமும் அந்த மூணு எழுத்துல இருக்கு. எழுதினவங்க ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டன்.

பதில் வந்துச்சு. வேணும்னா அதே 10 பவுண்டைக் குடுத்துத் திரும்ப வாங்கிக்கோ, வேற எங்கயாவது போட்டா வழக்கு. ஜேனோட அப்பா 1805லயே போயிட்டார், சகோதரர்கள் உதவியிலதான் வீடே ஓடுது. அந்த 10 பவுண்டு அவங்களுக்குச் சின்னத் தொகை இல்ல.

பின்னணியை வேகமா முடிச்சிடுவோம். 1719ல டீஃபோ ராபின்சன் குரூசோவைத் தீவுல ஒதுக்கினார், சாகசக் கதை சூடுபிடிச்சுது. 1726ல ஸ்விஃப்ட் கல்லிவரை லில்லிபுட்டுக்கு அனுப்பி, அதே கடல் பயணக் கதையை வச்சு அரசியலைக் கிழிச்சார். அந்த நூற்றாண்டு முடியறப்போ ஜனங்க விழுந்து விழுந்து படிச்சது பாழடைஞ்ச கோட்டை, மர்மம், காதல். அதுல ராணி ஆன் ராட்கிளிஃப். 1794ல வந்த அவங்க 'உடோல்ஃபோ' நாவலுக்குக் கிடைச்சது 500 பவுண்டு. அந்த மாதிரிக் கதைகளைக் கிண்டல் பண்ண ஜேனுக்கு 10!

இப்போ ஜேனோட அந்த 'நார்த்தேங்கர் அபே' நாவலுக்குள்ள வாங்க, எனக்கு உயிரான இடம்.

[திரையில்: இருட்டு, ஒரு மெழுகுவத்தி]

கேத்தரினுக்கு 17 வயசு. மர்மக் கதையாப் படிச்சுப் படிச்சு, நார்த்தேங்கர்ங்கிற பழைய மாளிகைக்கு விருந்தாளியாப் போறா. புயல் ராத்திரி. அறையில ஒரு கறுப்பு அலமாரி. சாவியைத் திருகுறா, ஒவ்வொரு இழுப்பறையா இழுக்குறா, எல்லாம் காலி. கடைசியா உள்ளே ஒரு காகிதச் சுருள்! கை நடுங்குது. திரியைச் சரிபண்ணப் போய் மெழுகுவத்தி அணைஞ்சுபோச்சு. போர்வைக்குள்ள வேர்த்து விறுவிறுத்துக் கிடக்குறா. விடிஞ்சதும் பிரிச்சுப் பார்த்தா... சலவைக் கணக்கு! சட்டை, காலுறை, கழுத்துப்பட்டி.

சிரிச்சிட்டீங்கல்ல? இனிமேதான் ஜேன் நம்மள அடிக்கிறாங்க. அந்த வீட்டு எஜமானர் ஜெனரல் டில்னி, இவ பெரிய சொத்துக்காரின்னு நம்பித்தான் தாங்கினார். இல்லன்னு தெரிஞ்சதும் மறுநாள் காலையில துணைக்கு ஆள்கூட இல்லாம 70 மைல் தனியா அனுப்பிட்டார். கையில வழிச்செலவுக்குக் காசில்ல, அவர் பொண்ணு எலினார்தான் குடுத்தா. பேயைத் தேடின வீட்டுல பணப்பேய் இருந்துச்சு. உடோல்ஃபோவோட எந்தக் கோட்டையும் என்னை இவ்வளவு பயமுறுத்தல.

இதுக்கப்புறம் 1883ல ஸ்டீவன்சனோட புதையல் தீவு வந்து சாகசத்துக்கு மறுபடியும் கப்பல் கட்டுச்சு. அது அடுத்த வீடியோ, மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணுங்க.

இப்போ ஜேனோட கைப்பிரதிக்குத் திரும்புவோம். 1816ல அவங்க அண்ணன் ஹென்றி 10 பவுண்டைக் கட்டி கைப்பிரதியை மீட்டார். 1813லயே பேரெடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' எழுதின அதே கைதான் இதையும் எழுதுச்சுன்னு, வாங்கினதுக்கப்புறம்தான் பதிப்பாளருக்குத் தெரிஞ்சுதுன்னு ஜேனோட அண்ணன் மகன் எழுதியிருக்கார்.

1817 ஜூலைல 41 வயசுல ஜேன் இறந்துட்டாங்க. நாவல் டிசம்பர்லதான் வந்துச்சு. உயிரோட இருந்தவரைக்கும் ஒரு புத்தகத்துலகூட அவங்க பேர் இல்ல. இதோட முன்பக்கங்கள்ல ஹென்றி எழுதின குறிப்புலதான் வாசகர்களுக்கு முதல் தடவையா அந்தப் பேர் தெரிஞ்சுது: ஜேன் ஆஸ்டன்.