ஓய்வுக்காலத்தில் ஒளிப்படம்: படத்தோடு பெயரையும் எழுதுவோம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மீறிப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, முன்வரிசைக்கு அழகு சேர்த்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, எனக்கு முன் பேசிய மருத்துவர் அவர்களே, எனக்குப் பின் பேச வேண்டியிருப்பதால் கடிகாரத்தின் மீது ஒரு கண் வைத்திருக்கும் பேராசிரியர் அவர்களே, பணி ஓய்வு பெற்றும் ஓயாத பெரியோர்களே, அவர்களைக் கைபிடித்து அழைத்து வந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்கள் மேடையேறுவதற்கு முன், உறுப்பினர்கள் எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் ஒவ்வொன்றின் எதிரிலும் நின்று, எடுத்தவரைக் கூப்பிட்டு விசாரித்த பிறகே இருக்கைக்கு வந்தார். கூட்டம் தாமதமாகத் தொடங்கியதற்கு அந்த ரசனையே காரணம் என்பதால் செயலாளர் அவர்களை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிற்காலத்தில் ஒளிப்படக் கலையைப் பொழுதுபோக்காக மேற்கொள்வோர் எந்தக் கருவியை வாங்குவது, எதைப் படம் எடுப்பது, எடுத்ததைக் கணினியில் எப்படித் திருத்துவது, கடைசியாக அதை என்ன செய்வது என்ற நான்கையும் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்கு முன், இந்த வயதில் இது எதற்கு என்று வீட்டில் எழும் கேள்விக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். கேமராவால் எடுக்கப்பட்டு இன்றைக்கும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய படத்தை எடுத்த பிரான்சு நாட்டவரான நீப்ஸ் 1765-இல் பிறந்தவர். அவர் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து அதை எடுத்தது 1826 அல்லது 1827-இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு படத்திற்கு மணிக்கணக்கில் வெயில் தேவைப்பட்டது. பதறாத காரியம் சிதறாது என்பதை அறிந்த வயதில்தான் அவர் அதில் இறங்கியிருக்கிறார்.

கருவியைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. கையிலிருக்கும் கைபேசி தொடக்கத்திற்குப் போதும். கேமராதான் வேண்டும் என்பவர்கள், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதன் ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். உள்ளே தெரியும் எண்கள் துலங்கும் வரை அதைத் திருப்பினால், கண்ணாடி அணிந்தவர்களில் பலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். இது தெரியாமல் கேமரா பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. கை நடுங்குகிறதே என்று கவலைப்படுவோர் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கேமராவை நெற்றியோடு அணைத்து, மூச்சை மெல்ல விட்டபடி ஷட்டர் பொத்தானை அழுத்தட்டும். படம் கலங்காமல் இருக்க, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் 50 மில்லிமீட்டர் லென்சுக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே திறந்திருக்க வேண்டும் என்பது பொது விதியானால், நாம் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பதறாத காரியம் சிதறாது என்ற நம் முன்னோர் வாக்கு, கேமரா பிடிப்பவனுக்காகவே சொன்னது போல் இருக்கிறது.

இனி எதைப் படம் எடுப்பது என்பதற்கு வருகிறேன். அதற்கு ஓர் அம்மையாரின் கதையைச் சொல்ல வேண்டும். 1815-இல் கல்கத்தாவில் பிறந்து, பின்னர் இங்கிலாந்தில் ஒரு தீவில் குடியிருந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அவர்களின் பெயரிலேயே கேமரா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நாற்பத்தெட்டு வயது வரை அவர் படம் எடுக்கத் தொடங்கவில்லை. 1863-ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும், அம்மாவின் தனிமைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். இங்கே வந்திருக்கும் மருமகன்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அம்மையார் உடனே வீட்டு நிலக்கரிக் கொட்டகையை இருட்டறையாக்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக்கூண்டைப் படம் எடுக்கும் கூடமாக்கினார். கோழிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அவற்றுக்கு விடுதலை கிடைத்தது, யாரும் தின்றிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாக அவரே எழுதிவைத்திருக்கிறார்!

அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவியாக வேண்டும். வெள்ளி நைட்ரேட்டு பட்டு விரல்கள் கறுத்துப்போகும். பக்கத்து விவசாயி ஒருவரை மணிக்கு அரை கிரௌன் என்னும் ஆங்கில நாணயத்தைக் கூலியாகப் பேசி உட்காரவைத்து, எத்தனையோ அரை கிரௌன்களும் எத்தனையோ மணி நேரமும் செலவான பிறகு முதல் படம் விழுந்தது. அதை வெற்றிக் களிப்போடு காயவைக்கத் தூக்கிப் பிடித்தபோது, மருந்துப் பக்கத்திலேயே கை உரசிப் படம் அழிந்துபோயிற்று. வேறொருவராயிருந்தால் கோழிகளைத் திரும்பக் கூண்டில் அடைத்திருப்பார். இவரோ 1864 சனவரியில் ஆனி என்ற சிறுமியைப் படம் எடுத்து, அது நன்றாக வந்த பூரிப்பில், அந்தப் படத்தைக் குழந்தையே உண்டாக்கிவிட்டதாக எண்ணி, அவளுக்குக் கொடுக்க ஏதாவது கிடைக்காதா என்று வீடெல்லாம் ஓடித் தேடினாராம். பின்னாளில் கவிஞர் டென்னிசனும் அறிவியலாளர் டார்வினும் வந்து அவருடைய கேமராவின் முன் அமர்ந்தார்கள்.

நான் இந்தக் கதையைச் சொன்ன காரணம் வேறு. அந்தச் சிறுமியின் படத்தோடு, ஆனி, என் முதல் வெற்றி என்று அம்மையார் எழுதிவைத்தார். அதனால் இன்றைக்கும் அவள் ஆனி. 1875-இல் அவர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார், 1879-இல் அங்கேயே மறைந்தார். அங்கே அவர் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளர்களும் களுத்துறை விவசாயிகளும் நேர்ப்பார்வையோடு நிற்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. முகம் இருக்கிறது, தோளில் கிடக்கும் துணியின் மடிப்பு கூடத் தெரிகிறது, யார் என்பதுதான் தெரியவில்லை. டார்வினுக்கு ஒரு நீதி, விவசாயிக்கு ஒரு நீதியா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அம்மையாரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் படங்களின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், வெறுமையாக இருக்கும். இன்றைய கேமரா நாளையும் நேரத்தையும் ஷட்டர் வேகத்தையும் தானாகவே பதிந்துகொள்கிறது; பாட்டியின் தங்கை இன்னார் என்பதை அது தானாகப் பதியாது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் நாம்தாம். ஆகவே பிற்காலத்தில் கேமராவைக் கையில் எடுப்பவர், பறவையையும் பூவையும் தேடிப் போவதற்கு முன், வீட்டிலுள்ள பழைய படங்களை நகலெடுக்கட்டும். பறவைகளைப் படம் எடுக்க இளைஞர்கள் இருக்கிறார்கள்.

நேர் வெயில் படாத சன்னலருகே படத்தைத் தட்டையாக வைத்து, கேமராவை அதற்கு இணையாக முக்காலித் தாங்கியில் பொருத்தி, பிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். பிறகு படத்தைச் சுத்தமான, கெட்டியான பரப்பில் கவிழ்த்து, மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரமாகப் பெயரை எழுதுங்கள். பந்துமுனைப் பேனா வேண்டவே வேண்டாம். அதன் தடம் முகத்தின் மேல் புடைத்துத் தெரியும். பிளாஸ்டிக் பூச்சுள்ள இக்காலத் தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கென்றே விரைவில் உலரும் பேனாக்கள் இருக்கின்றன. ஒட்டும் பக்கங்களைக் கொண்ட ஆல்பங்களிலிருந்து படங்களைப் பிய்க்காதீர்கள். பசை முற்றியிருந்தால் ஆல்பத்தோடே நகலெடுத்துவிடலாம். இங்கும் பதறாத காரியம் சிதறாது.

பேராசிரியர் அவர்களின் பார்வை கடிகாரத்தை விட்டு என் மீது திரும்பிவிட்டது. கணினியில் திருத்துவதைப் பற்றி வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம், அவசரமில்லை. பெயர்தான் அவசரம்.

எனவே தலைவர் அவர்களிடம் இந்த மேடையிலேயே ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஒவ்வொரு மாதக் கூட்டத்திற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகச் சன்னலோரம் ஒரு மேசை போட அனுமதி தாருங்கள். வருகிறவர்கள் ஓர் உறையில் பத்துப் பழைய படங்களைக் கொண்டுவரட்டும். கேமரா வைத்திருப்பவர் நகலெடுக்கட்டும், நினைவாற்றல் உள்ளவர் பெயர் சொல்லட்டும், கையெழுத்து நன்றாக இருப்பவர் எழுதட்டும். தலைவர் அவர்கள் தலையசைக்கிறார். செயலாளர் அவர்கள் அதைக் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டால், பிறகு மாற முடியாது. பென்சில்களுக்கு நான் பொறுப்பு. மேடையைப் பேராசிரியர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். நன்றி, வணக்கம்.