மஞ்சள் ஜெர்சியை யார் போடலாம்?

(சென்னை திருவான்மியூரில், சைக்கிள் ஓட்டுபவர்களின் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ரைடை முடித்துக் குளித்துவிட்டு, இட்லிக்கும் தூக்கத்துக்கும் நடுவில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தொழில்முறை வீரர்களின் ஜெர்சியை நம்மைப் போன்றவர்கள் மாட்டிக்கொண்டு ஈசிஆரில் போகலாமா, கூடாதா? "காசு கொடுத்து வாங்கினேன், போடுவேன்" என்கிறது ஒரு கட்சி. "சட்டையைப் போட்டால் டூர் ஜெயித்த போகாச்சர் ஆகிவிடுவாயா?" என்கிறது இன்னொரு கட்சி.

நான் எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணி ஜெர்சி வேறு, பந்தயத்தில் முன்னணிக்கு வந்தவருக்கோ ஜெயித்தவருக்கோ தருகிற பட்ட ஜெர்சி வேறு. அணியின் சட்டையை யார் வேண்டுமானாலும் போடலாம். பட்டத்தின் சட்டையை ஜெயித்தவருக்கு விட்டுவிடலாம்.

இதைச் சென்னையில் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கோவளம் பக்கம் ஒரு டீக்கடையில் போய் நில்லுங்கள். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, "என்ன சார், இன்னிக்கு மேட்சா?" என்பார். அவருக்கு மஞ்சள் என்றால் சிஎஸ்கே. சேப்பாக்கத்தில் 7-ஆம் எண் சட்டையோடு ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரையாவது பார்த்து, "நீ என்ன தோனியா?" என்று கேட்கிறோமா? அப்புறம் சைக்கிளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆசாரம்?

நியாயமான கேள்விதான். ஆனால் சிஎஸ்கே சட்டை அணியின் சட்டை. கிரிக்கெட்டில் மஞ்சள் ஜெர்சிக்குச் சமமாக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், ஐபிஎல்லின் ஆரஞ்சுத் தொப்பியைச் சொல்லலாம். அன்றைய தேதிக்கு அதிக ரன் எடுத்தவர் தலையில் அது இருக்கும். வேறொருவர் முந்தினால் தலை மாறிவிடும். மஞ்சள் ஜெர்சியும் அப்படித்தான். அன்றுவரை மொத்த நேரக் கணக்கில் யார் முன்னால் நிற்கிறாரோ, மறுநாள் அவர் உடம்பில் அது இருக்கும்.

இந்தச் சட்டைகளுக்குப் பிறவியிலேயே தெய்வீகம் ஒன்றும் கிடையாது. டூரை ஆரம்பித்தது லோட்டோ என்ற பத்திரிகை. அது மஞ்சள் தாளில் அச்சானது, அதனால்தான் ஜெர்சியும் மஞ்சள் என்று சொல்வார்கள். இத்தாலியில் ஜிரோ என்ற பந்தயத்தை ஆரம்பித்த கஸெட்டா பத்திரிகையின் தாள் இளஞ்சிவப்பு. அதனால் 1931 முதல் ஜிரோவில் முன்னணி வீரருக்கு இளஞ்சிவப்பு. மலையேற்றத்தில் முதல்வருக்கு வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்ட ஜெர்சி 1975-ல் வந்தபோது, அதன் ஸ்பான்சர் ஒரு சாக்லேட் கம்பெனி. எல்லாம் விளம்பரம்தான், சுத்தமான வியாபாரம்.

முதல்முதலாக மஞ்சள் போட்டவர் யூஜீன் கிறிஸ்டோஃப். 1919 ஜூலை 19, கிரெனோபிள் நகரம். ஊர் ஜனங்கள் அவரைக் கேனரிக் குருவி என்று கேலி செய்திருக்கிறார்கள். அந்த மனிதர் அந்த டூரை ஜெயிக்கவும் இல்லை. கடைசிக்கு முந்தைய கட்டத்தில் முன்பக்க ஃபோர்க் உடைந்து, கையிலிருந்த பட்டம் போய்விட்டது.

சரி, விளம்பரத் துணிக்கு மரியாதை எங்கிருந்து வந்தது? போட்டவர்கள் நடந்துகொண்ட விதத்திலிருந்து வந்தது. 1971 டூரில் லூயிஸ் ஒகான்யா என்ற ஸ்பெயின்காரர், அன்றைய தலைசிறந்த வீரர் எடி மெர்க்ஸை ஏழு நிமிடத்துக்கு மேல் பின்னால் தள்ளி வைத்திருந்தார். மெர்க்ஸை அப்படித் தள்ளி வைப்பது அன்றைக்கு நடக்கிற காரியமே இல்லை. பிரனீஸ் மலையில் மென்ட்டே கணவாய், பேய்மழை, இறக்கம். ஒகான்யா விழுந்தார். எழுந்திருப்பதற்குள் பின்னால் வந்தவர் மோத, போட்டியை விட்டே போக வேண்டியதாயிற்று. கணக்குப்படி மஞ்சள் ஜெர்சி மெர்க்ஸுக்கு. மறுநாள் அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார் அவர். எதிராளி கீழே விழுந்ததால் கிடைத்த சட்டை தனக்கு வேண்டாம் என்பது அவர் எண்ணம். 1980-ல் மஞ்சளில் இருந்த பெர்னார் ஈனோ முழங்கால் வலியோடு இரவோடு இரவாக விலகியபோது, அடுத்த இடத்தில் இருந்த யோப் ஸூட்டெமெல்க்கும் மறுநாள் மஞ்சள் போட மறுத்தார். நியாயமாகக் கையில் வந்ததையே போடத் தயங்கியவர்கள் இவர்கள். அதே சட்டையை நாம் ஆன்லைனில் தள்ளுபடியில் வாங்கி, உத்தண்டி டோல்கேட்டில் செல்ஃபி எடுக்கிறோம்.

"ஒரிஜினல் தைக்கிற கம்பெனியே பிரதியும் விற்கிறதே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 2022 முதல் டூர் ஜெர்சி தைப்பது இத்தாலியின் சான்டினி. அதே கடையில் உங்களுக்கும் எனக்கும் கிடைக்கும். பட்டுத்துணிகூடத்தான் தி.நகரில் கடைக்குக் கடை கிடைக்கிறது. ஒரு முழம் வாங்கித் தலையில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனால், அது பரிவட்டம் ஆகிவிடுமா?

வானவில் ஜெர்சி இன்னும் கறாரான சமாச்சாரம். வெள்ளைத் துணியில் நெஞ்சைச் சுற்றி நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று ஐந்து பட்டை. உலக சாம்பியனுக்கு மட்டும். அவருக்கே ஆயிரம் நிபந்தனை. சாலைப் பந்தயத்தில் ஜெயித்தவர் அதைச் சாலைப் பந்தயத்தில்தான் போடலாம், தனிநபர் நேரப் போட்டியில் போட முடியாது. டூரில் முன்னணிக்கு வந்துவிட்டால் மஞ்சளுக்கு இடம் விட வேண்டும். அடுத்த வருடம் வேறொருவர் ஜெயித்தால் கழற்ற வேண்டியதுதான். அதன் பிறகு சட்டைக் கையின் ஓரத்திலும் காலரிலும் மெல்லிசாக அந்த ஐந்து கோடு வைத்துக்கொள்ளலாம். ஆயுசுக்கும் அவ்வளவுதான் அனுமதி.

ஆனால் ஒன்று. வானவில் ஜெர்சியோடு ஒருவர் உங்களைத் தாண்டிப் போனால் அவசரப்பட்டுச் சிரித்துவிடாதீர்கள். வயதுப் பிரிவு வாரியாக நடக்கும் கிரான் ஃபோண்டோ உலகப் போட்டியில் ஜெயிப்பவர்களுக்கும் வானவில் ஜெர்சி உண்டு. நரைத்த தலையோடு உண்மையான சாம்பியனே போகலாம். இந்தியாவுக்கும் வந்த பட்டம்தான் இது. 2019-ல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலக டிராக் போட்டியில், டீம் ஸ்பிரின்ட்டில் நம் பையன்கள் தங்கம் வென்றார்கள். அவர்களில் ஈசோ ஆல்பன் அந்தமான்காரர்.

புள்ளி ஜெர்சியைப் பற்றி இந்த ஊரில் அதிகம் பேச வேண்டியதில்லை. நம் ரூட்டில் ஏற்றம் என்றால் முட்டுக்காடு பாலம்.

அணி ஜெர்சிக்கு வருவோம். இங்கே எனக்குத் தடையே இல்லை. எல்லாமே ஸ்பான்சர் பெயர்தான். மெர்க்ஸ் போட்ட மோல்டெனி, இத்தாலியில் இறைச்சிப் பொருள் விற்ற கம்பெனி. மாபேய், டைல்ஸ் ஒட்டும் பசை. குவிக்ஸ்டெப், வீட்டுத் தரை விரிப்பது. அல்பெசின், தலைமுடிக்கான ஷாம்பு. நம் கூட்டத்தில் முழு வழுக்கையோடு ஒருவர் அல்பெசின் ஜெர்சி போடுகிறார், அவரைவிட நகைச்சுவை உணர்வு உள்ளவர் இங்கே கிடையாது. ஓசியில் விளம்பரம் செய்ய ஆள் கிடைத்தால் கம்பெனிக்கு என்ன கசக்கவா போகிறது? ஹெல்மெட், ஷார்ட்ஸ், சாக்ஸ், பாட்டில் வரைக்கும் ஒரே அணி என்று கிளம்புபவர்களைப் பார்த்தால் எனக்கு லேசாகச் சிரிப்பு வரும். சிரிப்போடு சரி. யுஎஸ் போஸ்டல் ஜெர்சி போடுபவர்கள் மட்டும் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அணியின் நட்சத்திரம் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டத்தையும் ஊக்கமருந்துக்காக 2012-ல் பறித்துவிட்டார்கள். வழியில் யாராவது கேட்பார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆசாரம் என்று தோன்றினால் நேர வரம்புக்குள் நெடுந்தூரம் ஓட்டுகிற நம் ரேண்டனர்களைப் பாருங்கள். 200, 300, 400, 600 கிலோமீட்டர் நான்கையும் ஒரே சீசனில் முடித்தால் சூப்பர் ரேண்டனர். கடைசி 600-க்கு 40 மணி நேரம்தான். இரண்டாம் நாள் விடிகாலை, ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் திண்ணையில் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் பத்து நிமிடம் தூங்கி எழுந்தவர்கள் போடுகிற ஜெர்சி அது. அதை முடிக்காத ஒருவர் போட்டுக்கொண்டு வரட்டும், அடுத்த சிக்னலுக்குள் நாலு பேர் விசாரித்துவிடுவார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

என்னைக் கேட்டால், நம் ஊரில் அவசரமாகத் தேவைப்படும் மரியாதை ஜெர்சியில் இல்லை, ஷார்ட்ஸில் இருக்கிறது. லைக்ரா நாள்பட்டால் பின்புறம் நைந்து கண்ணாடி ஆகிவிடும். போட்டிருப்பவருக்குத் தெரியாது. சக்கரத்துக்குச் சக்கரம் ஒட்டிப் பின்னால் வருகிறவருக்கு இருபது கிலோமீட்டருக்கு வேறு காட்சியே கிடையாது. வாங்கி மூன்று வருடம் ஆனதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை ஷார்ட்ஸ் வைத்திருப்பவர்கள் நவம்பரில் வெளியே எடுக்கவே வேண்டாம்.

புதிதாக வருகிற பையன்களிடம் இதையெல்லாம் சட்டமாகப் படிக்காதீர்கள். நிறம் பிடித்து வாங்கியிருப்பான். மஞ்சள் சட்டை விடிகாலை இருட்டில் லாரிக்காரன் கண்ணில் படுமே, கறுப்பு போட்டு வருகிற சீனியர்களைவிட அவன் புத்திசாலி. பழகிய பிறகு, டீ குடிக்கும்போது மெர்க்ஸ் கதையைச் சொல்லுங்கள், போதும்.

ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. "பிரான்ஸிலிருந்து மகன் மஞ்சள் ஜெர்சி வாங்கி அனுப்பியிருக்கிறான். என்ன செய்வது?" ஐயா, ஜூலையில் டூர் நடக்கும்போது வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு பாருங்கள். நம் நேரத்துக்கு ராத்திரி ஒன்பது வாக்கில் முடியும். இல்லை, ரைடுக்குத்தான் போடுவேன் என்றால் தாராளமாக வாருங்கள், பிள்ளை ஆசையாக வாங்கியது. ஒரே நிபந்தனை. டூரில் மஞ்சள் போட்டவரை அவருடைய அணியின் ஏழு பேர் காற்று படாமல் மறைத்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். நம்மிடம் அந்த ஏழு பேர் கிடையாது. கோவளத்திலிருந்து திரும்பும்போது எதிர்காற்றில் நீங்கள்தான் முன்னால் போக வேண்டும்.