பெயர் சொல்லாமல் சொல்லலாம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். சட்டத்தரணிகளின் மனச்சுமை பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பு நீதிமன்றங்களில் இருபது வருடத்துக்கு மேலாகத் தொழில் செய்கிறேன். எனக்கு நடந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன், மேல் நீதிமன்றத்தில் ஒரு சிறுமி சாட்சியம் சொன்னாள். பாதிக்கப்பட்டவர் தரப்பில் நான் தோன்றியிருந்தேன். எந்த ஊர், என்ன வழக்கு என்று சொல்ல மாட்டேன். மாலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கல்லடிக்குப் புறப்பட்டேன். பாலத்தில் ஏறியது நினைவிருக்கிறது. மிச்ச வழி நினைவில் இல்லை, வீட்டு வாசலில் நிற்கிறேன்.

அன்றைக்கு மகள் ரியூசன் முடிந்து கால் மணித்தியாலம் பிந்தி வந்தாள். "எத்தனை மணிக்கு வகுப்பு விட்டது? யாரோடு வந்தாய்? வழியில் எங்கே நின்றாய்? அங்கே வேறு யார் இருந்தது?" என்று கேட்டுக்கொண்டே போனேன். பிள்ளை அழுதுவிட்டாள். "அம்மா, நான் என்ன சாட்சிக் கூண்டிலயா நிக்கிறன்?" என்றாள். என்ன நடந்தது என்று அவளுக்கும் சொல்ல முடியவில்லை, அவளுடைய அப்பாவுக்கும் சொல்ல முடியவில்லை.

எங்கள் தொழிலின் பாரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. வேலை அதிகம்தான், மறுக்கவில்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற கட்சிக்காரர் ஏழு மணிக்கே வாசலில் இருப்பார். காலையில் நீதவான் நீதிமன்றம், பிறகு மாவட்ட நீதிமன்றம், இடையில் களுவாஞ்சிகுடியிலோ வாழைச்சேனையிலோ ஒரு தவணை. ஆனால் உடம்புக் களைப்பு ஒரு நித்திரையில் போய்விடும். கேட்ட கதைகள் போவதில்லை. யுத்தத்தில் காணாமல் போன மகனைத் தேடும் தாய், 2004 சுனாமியில் காணி உறுதியோடு வீட்டையும் இழந்துவிட்டுக் காணிக்கு வழக்காடும் கிழவர், அடிவாங்கிய முகத்தோடு பராமரிப்பு வழக்குக்கு வந்த பெண். எல்லோரும் எங்களிடம் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் எங்கே இறக்கி வைப்பது?

சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும். இது நல்ல சட்டம். இது இல்லாவிட்டால் யாரும் எங்களிடம் உண்மை பேச மாட்டார்கள். ஆனால் நாங்கள் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டு, எங்கள் மனதைப் பற்றியும் வாயே திறக்கக்கூடாது என்று இருந்துவிடுகிறோம். கட்சிக்காரரின் இரகசியம் அவருடையது. அதைக் கேட்டு எனக்கு நித்திரை வராமல் போனது என்னுடைய விஷயம். அதை நான் சொல்லலாம்.

2016இல் அமெரிக்காவில் சுமார் 12,800 சட்டத்தரணிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 28 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஐந்தில் ஒருவருடைய குடிப்பழக்கம் பிரச்சினைக்குரிய அளவில் இருந்தது. அது வேறு நாடு, வேறு நீதிமன்றங்கள். ஆனாலும் அதை வாசித்தபோது எனக்குத் தெரிந்த முகங்கள் சில கண்முன் வந்தன. திறமையான அண்ணன்மார். பின்னேரம் போத்தலோடு தொடங்கி, காலைத் தவணைக்கு வராமல் விட்டு, கட்சிக்காரர்களை ஒவ்வொருவராக இழந்தார்கள். பக்கத்தில் இருந்தும் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

பயமும் ஒரு சுமைதான். சிவில் வழக்கில் தீர்ப்பு வந்தால் 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு. உறுதி எழுதும் நொத்தாரிசு வேலையும் செய்பவர் என்றால், போன மாதம் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். இரவு மூன்று மணிக்கு எழும்பி, ஞாயிறையும் விடுமுறையையும் கழித்து விரல்விட்டு நாள் எண்ணியிருக்கிறேன். இப்போது கடைசித் திகதியை இரண்டு டயறியில் எழுதுகிறோம், ஒன்று என்னிடம், மற்றது கிளாக்கிடம். மூன்று நாளுக்கு முன்பே அவர் கேட்பார். சின்ன ஏற்பாடு, ஆனால் நித்திரை வருகிறது.

தொலைபேசிக்கும் ஓர் ஒழுங்கு வைத்து, கட்சிக்காரர்களிடம் சொன்னேன். கைது என்றால் எந்த நேரமும் எடுங்கள், ஏனென்றால் பொலிஸார் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும், அந்த நேரம் பெறுமதியானது. தவணைத் திகதி கேட்பது என்றால் காலையில் எடுங்கள். முதலில் இரண்டு பேர் கோபித்தார்கள். சரி, பிறகு பழகிவிட்டார்கள்.

இவை போதாமல் போன காலமும் வந்தது. போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகத் தீர்மானித்த பிறகும் இரண்டு கிழமை தள்ளிப்போட்டேன். இது எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர். "லோயர் மிஸ்ஸுக்கு என்ன?" என்று கதை வந்தால் தொழில் என்னாகும்? போனேன். வாங்கில் என்னுடைய பழைய கட்சிக்காரப் பெண் ஒருவர் இருந்தார். ஒன்றும் கேட்காமல் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. வைத்தியர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். தொழில் ஒன்றும் கெடவில்லை. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, இரவிலும் பேசலாம்.

அதன் பிறகு நானும் இரண்டு சட்டத்தரணிகளும் சனிக்கிழமை காலையில் கல்லடிக் கடற்கரையில் நடக்கத் தொடங்கினோம். ஒரே நிபந்தனை: பெயர் இல்லை, ஊர் இல்லை, வழக்கு இலக்கம் இல்லை. இந்தக் கிழமை எது மனதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் புத்தி சொல்லக்கூடாது. சட்டத்தரணிகள் மூன்று பேர் புத்தி சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று பழகத்தான் தெரிந்தது.

போன வருடம் புதிதாகச் சத்தியப்பிரமாணம் செய்த தங்கச்சி ஒருத்தி எங்களோடு சேர்ந்தாள். முதல் கிழமை கடலைப் பார்த்தபடி வந்தாள், ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமையும் அப்படித்தான். மூன்றாவது கிழமை, திரும்பி வரும்போது, "அக்கா, நான் ஒண்டு சொல்லட்டா?" என்றாள். நாங்கள் அந்த இடத்திலேயே மணலில் இருந்துவிட்டோம்.