கையெழுத்துக்குப் பிறகு வரும் வேலை

வணக்கம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரிப் பாடம் படிக்க கலிபோர்னியாவில் 2015-இல் ஏபி 288 (சட்டமன்ற மசோதா எண் 288) என்றொரு சட்டம் வந்தது. பள்ளி மாவட்டமும் (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) சமூகக் கல்லூரி மாவட்டமும் (ஈராண்டு அரசுக் கல்லூரிகளை நடத்தும் அமைப்பு) ஒப்பந்தம் போட்டுக்கொண்டால், பள்ளி வளாகத்திலேயே, பள்ளி நேரத்திலேயே, வெளியாரைச் சேர்க்காமல் கல்லூரி வகுப்பு நடத்தலாம். ஒரு பிள்ளை ஒரு பருவத்துக்கு 4 பாடம், 15 யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் கல்லூரிக் கணக்கு) வரை எடுக்கலாம். பிள்ளையிடம் கட்டணமும் வாங்கக் கூடாது, புத்தகக் காசும் வாங்கக் கூடாது. அப்படியானால் புத்தகத்தை யார் வாங்கித் தருவது? அதை ஒப்பந்தம் போடும் நீங்கள்தான் அதில் எழுதிக்கொள்ள வேண்டும். இணையப் பாடநூலைத் திறக்கும், பருவத்தோடு காலாவதியாகும் குறியீடு தேவைப்படும் பாடமென்றால், ஒவ்வொரு முறையும் தலைக்கு ஒன்று புதிதாக வாங்க வேண்டிவரும்.

இரு மாவட்டங்களின் நிர்வாக வாரியங்களும் பொதுக்கூட்டத்தில் ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிடும், போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள். வேலை அதற்குப் பிறகுதான்.

ஆசிரியரைப் பாருங்கள். பள்ளி ஆசிரியரே நடத்தலாம்; ஆனால் கணிதம், ஆங்கிலம் போன்றவற்றுக்குக் கல்லூரி பொதுவாகக் கேட்பது அந்தப் பாடத்திலேயே முதுகலை. கல்வியியலில் முதுகலை மட்டும் இருந்தால் போதாது. அதனால் சான்றிதழைப் பார்த்துவிட்டுப் பாடத்தை முடிவு செய்யுங்கள். மாற்றிச் செய்தால் ஆகஸ்டில் வகுப்பு இருக்கும், ஆள் இருக்காது.

அடுத்து விண்ணப்பம். பிள்ளை பள்ளி மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கும். பல பள்ளிகளில் அந்த முகவரிக்கு வெளி அஞ்சலே வராது. கல்லூரி அனுப்பிய அடையாள எண் போய்ச் சேராது. பிள்ளை இன்னொரு கணக்கைத் திறக்கும். ஒரே பெயரில் இரண்டு பதிவு. சொந்த முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள். கல்லூரியின் பாடத்தளம் பள்ளி மடிக்கணினியில் திறக்கிறதா என்பதையும் முதல் நாளைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பெரிய அடி விழுவது வகுப்பிலிருந்து விலகும்போது. பள்ளி ஆலோசகர் கால அட்டவணையில் பாடத்தை மாற்றிவிடுவார். பிள்ளையும் வகுப்புக்குப் போகாது. கல்லூரிக் கணினிக்கு அது தெரியாது. பருவ முடிவில் எஃப், அதாவது தோல்வி. அந்த எஃப் கல்லூரிப் பதிவேட்டிலேயே தங்கிவிடும். பின்னாளில் நிதியுதவி கேட்கும்போது, மதிப்பெண் சராசரி 4-க்கு 2.0 இருக்க வேண்டும், எடுத்த யூனிட்டில் 67 சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான அளவுகோல். பதினைந்து வயதில் வாங்கிய எஃப்பும் அந்தக் கணக்கில் வரும். வகுப்பில் எத்தனை மாணவர் என்று கல்லூரி தலை எண்ணும் நாள் பருவத்தில் சுமார் 20 சதவீதம் கழிந்ததும் வரும். அதற்கு ஒரு வாரம் முன்பே, பின்தங்கியவர் பட்டியலைக் கல்லூரி ஆசிரியர் பள்ளி ஆலோசகருக்கு அனுப்ப வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேருங்கள், எந்தப் பதவியில் உள்ளவர் பொறுப்பு என்பதோடு.

பெற்றோர் கல்லூரிக்குப் போன் செய்தால் பெரும்பாலும் மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டார்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டால், வயது எதுவானாலும், அங்குள்ள பதிவின் உரிமை பிள்ளைக்கே என்கிறது கூட்டாட்சிச் சட்டம். பெற்றோருக்குத் தகவல் தரச் சம்மதிக்கும் படிவத்தில் சேர்க்கை நாளன்றே பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நவம்பரில் போய்க் கேட்டால், எஃப் வரப்போகிறது என்று தெரிந்த பிள்ளை போடுமா?