கச்சான் அடிக்கிற நேரத்தில் அக்ரிலிக்

வணக்கம் மக்களே. சத்தம் கேட்கிறதா? மைக்குக்குப் பஞ்சு சுற்றியும் பயனில்லை, வெளியில் கச்சான் காற்று அடிக்கிறது. கல்லடியில் என் வீட்டு மேல்மாடியில் இருந்துதான் கதைக்கிறேன். யன்னலைச் சாத்தினால் அவிந்து போவேன், திறந்தால் வேலை செய்ய முடியாது. சரி, இந்தக் காற்றைப் பற்றியே இன்றைக்குப் பேசிவிடுவோம். "அக்கா, நீங்க மட்டக்களப்பு ஆள், உங்கட படத்தில மட்டக்களப்பு எங்க?" என்று கேட்காத ஆளில்லை. என் ஓவியத்தில் கல்லடிப் பாலமும் இல்லை, பாடுமீனும் இல்லை. ஆனால் கச்சான் இருக்கிறது.

கச்சான் என்பது தென்மேற்குப் பருவக்காற்றுதான். மழையை மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிடும். மலையைத் தாண்டி நம்மிடம் இறங்கும்போது அதில் சூடுதான் மிச்சம். நான் பூசுகிற அக்ரிலிக் பெயின்ட் என்பது தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக் துகளும் நிறத்தூளும். தண்ணீர் ஆவியானால் துகள்கள் ஒட்டிப் படலமாகிவிடும், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. குளிர்நாட்டுக்காரர் வீடியோவில் "ஆறுதலாகக் கலவுங்கள்" என்பார்கள். இங்கே ஜூலை மாதத்தில் இரண்டாவது இழுப்பு இழுக்கும்போதே முதலாவது காய ஆரம்பித்திருக்கும்.

கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், இந்த விளிம்பைப் பாருங்கள். சாம்பல் நிறத்தின் மேல் ரோலரைத் திரும்ப ஓட்டியபோது, பாதி காய்ந்த தோல் கிழிந்து, சுருண்டு சுருண்டு நிற்கிறது. கிழிந்த இடத்தில் அடியில் இருக்கிற சிவப்பு எட்டிப் பார்க்கிறது. இதைத் தூரிகையால் செய்யச் சொன்னால் எனக்கு வராது. பக்கத்தில் இருப்பது மார்கழி மழைக்குள் செய்தது. அதே ரோலர், அதே சாம்பல். விளிம்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது பாருங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் மாட்டுவேன், தனித்தனியாக விற்கவும் மாட்டேன்.

காய்வதைத் தாமதப்படுத்த ரிடார்டர் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். போத்தலில் போட்டிருக்கிற அளவைத் தாண்டினால் படலம் நெடுநாள் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும், தூசி முழுக்க அதில்தான் வந்து ஒட்டும். எனக்கு சாப்பாட்டுப் பெட்டியின் மூடி போதும். அதில் ஈரத்துணி, மேலே கேக் சுடுகிற பேப்பர், அதன்மேல் பெயின்ட். பக்கத்தில் தண்ணீர் விசிறுகிற போத்தல் ஒன்று.

ரோலர் பழக்கம் கைதொண்டேயைப் பார்த்து வந்தது என்று யாராவது கண்டுபிடிக்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வி. எஸ். கைதொண்டே, இந்திய அரூப ஓவியர், 1924 இல் நாக்பூரில் பிறந்தவர், 2001 இல் காலமானார். ரோலரும் பலெட் கத்தியும் வைத்து நிறத்தைப் பூசுவார், சுரண்டுவார், வருடத்துக்குச் சில படங்கள் மட்டுமே முடிப்பார். அந்தப் பொறுமையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். நம் நாட்டில் 1943 இல் தொடங்கிய '43 குழு என்ற ஓவியர் குழுவைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். அதிலிருந்த ஜோர்ஜ் கீற்றின் கோடுகள் எனக்கும் பிடிக்கும், ஆனால் என் கை அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது அந்தச் சிவப்பு. இது டியூப் பெயின்ட் இல்லை. ஹார்ட்வெயார் கடையில் சீமெந்துத் தரைக்கு விற்கிற ரெட் ஒக்சைட் தூள். அம்மம்மா வீட்டு விறாந்தை முழுக்க இந்த நிறம்தான், உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் இருந்திருக்கும். இரும்புத் துருதான் அடிப்படை, அதனால் வெயிலில் வெளிறாது, சுண்ணாம்பும் சீமெந்தும் அதை ஒன்றும் செய்யாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, கண்ணாடித் தகட்டில் தூளைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கத்தியால் நன்றாக அரைக்க வேண்டும். கட்டி இல்லாமல் களியானதும் அக்ரிலிக் மீடியம், அதாவது நிறத்தூள் இல்லாத அக்ரிலிக், சேர்க்கலாம். டியூப் வாங்குகிறவர்கள் பின்பக்கத்து நிறத்தூள் குறியீட்டைப் பாருங்கள். பிபி 29 என்றால் அல்ட்ராமரின், பிபி 15 என்றால் தாலோ நீலம். பெயருக்குப் பின்னால் ஹ்யூ என்று இருந்தால் அந்த நிறத்தைப் போலக் கலந்தது என்று அர்த்தம். அது கெட்டது என்றில்லை, விலையைப் பார்த்து வாங்குங்கள்.

துணி மருதமுனைக் கைத்தறி. நெசவுகாரக் காக்கா (அண்ணன்) ஒருவர், "தங்கச்சி, சாரனுக்கு நெய்தது, இதிலயா பெயின்ட் பூசப் போறீங்க?" என்று சிரித்தார். பாவு நூலுக்குப் பசை ஏற்றியிருப்பார்கள், அதை நன்றாகக் கழுவிப் போக்காமல் சட்டத்தில் இழுத்து அடித்தால் மாரியில் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிடும். சுவரில் மாட்டும்போதும் பின்னால் நாலு மூலைக்கும் தக்கைத் துண்டு ஒட்டிவிடுவேன், காற்றுப் போக வேண்டும்.

கண்காட்சிக்கு வருவோம். மட்டக்களப்பில் ஓவியம் படிக்க விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, இந்தக் கல்லடியிலேயே. படித்து முடித்த பிள்ளைகள் படம் மாட்டத்தான் இடம் தேடி அலைகிறார்கள். கண்காட்சிகளில் பாதி ஏதாவது ஒரு மண்டபத்தில், டியூப்லைட்டுக்குக் கீழே, மேலே மின்விசிறி சுற்றச் சுற்ற. கொழும்பில் 1993 முதல் நடக்கிற கலா பொல தெருவில் நடக்கும் சந்தை, அங்கே வாங்குகிறவரோடு நேரே கதைக்கலாம். கலரி என்றால் விற்ற விலையில் மூன்றில் ஒன்றோ பாதியோ அவர்களுக்கு. அதில் எனக்குக் கோபமில்லை, வாடகையும் வெளிச்சமும் அவர்கள் செலவு.

கோபம் வேறு இடத்தில். ஒரு கலரியில் இந்தச் சிவப்புப் படத்தைப் பார்த்ததும், "கிழக்கிலிருந்து வருகிறீர்கள், இது இரத்தம்தானே? தலைப்பிலே போரைக் கொண்டுவந்தால் நல்லது" என்றார்கள். நான் அம்மம்மா விறாந்தை என்றேன். அவர்கள் முகம் விழுந்துவிட்டது. போரை வரைகிறவர்கள் வரையட்டும், வரைய வேண்டியதும் நிறைய இருக்கிறது. ஆனால் கிழக்கில் எல்லாச் சிவப்பும் இரத்தம் என்று யார் முடிவு செய்தது? படத்தைத் திரும்பச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தலைப்பு இப்போதும் 'கச்சான், ஆடி' தான்.

சுருட்டுவதைச் சொன்னதும்தான் ஞாபகம் வருகிறது, நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பெயின்ட் பக்கம் வெளியே இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் நசுங்கி வெடிக்கும். அகலமான குழாயில் தளர்வாகச் சுற்றுங்கள். இடையில் அந்தக் கேக் பேப்பரையே வையுங்கள், குமிழிப் பிளாஸ்டிக்கை நேரே வைத்தால் பஸ் சூட்டில் அக்ரிலிக் இளகி வட்டம் வட்டமாக அச்சு விழுந்துவிடும்.

அடுத்த கிழமை மருதமுனைத் துணியைக் கழுவி, சட்டத்தில் இழுத்து அடிப்பதை முழுதாகக் காட்டுகிறேன். மறுகா சந்திப்போம்.